வெளியூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கோயில் மண்டபம்: திறக்கலாமா, கூடாதா?

கொட்டாஞ்சேனைக்காரன்

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊகித்தாலும் இங்கே எழுதாதீர்கள், வீண் சண்டை வரும்.

கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி, எப்போதாவது ஒரு கல்யாண வரவேற்பு. மற்ற நாட்களில் பூட்டுத்தான். இன்னொரு பக்கம், யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எல்லாத் திசையிலிருந்தும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இரவில் தலைசாய்க்க இடமில்லாமல் நிற்கிறார்கள். கிழமை நாட்களில் மண்டபத்தைத் திறப்போம், பாய் போடுவோம், காலையில் பிளேன்டீயும் பாணும் கொடுப்போம் என்று இளைஞர் மன்றம் கேட்டது. பங்குச் சபை மறுத்துவிட்டது. பாதுகாப்பு இல்லை, ஆட்கள் ஏமாற்றுவார்கள், இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இவ்வளவுதான் பதில்.

தவக்காலம் தொடங்கி முதல் திங்கட்கிழமை மத்தேயு 25ஐத்தான் வாசிக்கிறோம். "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்." வாசித்துவிட்டு மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். எனக்கு இது விளங்கவில்லை. சபை செய்தது சரி என்று நினைப்பவர்களும் எழுதுங்கள், ஆனால் காரணத்தோடு எழுதுங்கள்.

பழைய பொருளாளர்

தம்பி, நான் வேறொரு பங்கின் சபையில் பொருளாளராக இருந்தவன். உங்கள் சபை செய்தது சரி. காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் கோயில்களில் குண்டு வெடித்தது. ஹோட்டல்களையும் சேர்த்து 260 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் குண்டோடு வந்த ஆள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்னப்பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனதைக் கமெராப் படத்தில் நாடே பார்த்தது. முன்பின் தெரியாத ஒருவர் பையோடு வந்தால் "வாங்கோ, முன்னுக்கு இருங்கோ" என்று இடம் விடுகிற சனம் நாங்கள். அந்த வழக்கத்துக்குத்தான் அன்றைக்கு அடி விழுந்தது. இன்று வாசலில் பையைத் திறக்கச் சொல்கிறோம் என்றால் அதைக் கல்நெஞ்சு என்று சொல்லாதீர்கள்.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. போர்க்காலத்தில் ஊரிலிருந்து ஒருவர் வந்து கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் விட்டு ரவுண்டப்பில் அகப்பட்டால் வந்தவரோடு வீட்டுக்காரரும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, அது வேறு. எங்கள் தலைமுறையில் கதவு தட்டுப்பட்டால் முதலில் எழும் கேள்வி "யார் பசியோடு வந்தது" என்பதில்லை. "யார் மாட்டிக்கொள்ளப் போவது" என்பதுதான். அந்தப் பயத்தை நாங்கள் விரும்பி வாங்கவில்லை.

ஏமாற்று பற்றியும் சொல்ல வேண்டும். "மகளுக்கு ஒபரேஷன்" என்று வைத்தியர் கடிதத்தின் போட்டோக்கொப்பியோடு ஒருவர் வந்தார். கொடுத்தோம். பக்கத்துப் பங்கிலும் அதே கடிதம் போயிருக்கிறது. திகதியும் முத்திரையும் அதேதான், நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூசி வேறு பெயர். அந்தக் காசு உண்டியலில் போட்டவர்களின் காசு. கணக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

இரவுப்பணி

அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். மண்டபம் திறப்பதா வேண்டாமா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் இரண்டு பேருமே அந்த ஆட்களைக் கிட்டப் போய்ப் பார்க்காமல் எழுதுகிற மாதிரித் தெரிகிறது.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவோம். துணைக்கு நிற்க எல்லாருக்கும் அனுமதித் துண்டு கிடைக்காது. ஆண்கள் வாட்டுக்கு வந்த மனைவிமாரின் பாடுதான் மிக மோசம். அவர்கள் எங்கே போகிறார்கள்? கொஞ்சப் பேர் சொந்தக்காரர் வீட்டுக்கு. கொஞ்சப் பேர் கோட்டை ஸ்டேஷனுக்கு. மிச்சப் பேர் கேட்டுக்கு வெளியே, மருந்துக்கடை வெளிச்சத்தில்.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா. முல்லைத்தீவுப் பக்கம். ஸ்கேன் படம் மடியக்கூடாது என்று இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, அதற்கு மேல் ஷொப்பிங் பை சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சாப்பிடவில்லையாக்கும் என்று பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். "காசு இருக்குப் பிள்ளை, பசியும் இல்லை" என்றார். விசாரித்துப் பார்த்தால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் கக்கூஸ் தேட வேண்டும், எங்கே இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்கத் தெரியாது, தேடிப் போன நேரத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டால் முறை போய்விடும். அதற்குப் பயந்து நாள் முழுக்க வறண்டு கிடந்திருக்கிறார்.

பாய், பாண், பிளேன்டீ எல்லாம் நாங்கள் யோசித்துக் கண்டுபிடித்த தேவைகள். என்னிடம் வாட் வாசலில் வந்து நிற்பவர்கள் கேட்பது வேறு. போன் சார்ஜ் போட ஒரு பிளக். "இந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கு, இந்த டெஸ்ட் உள்ளுக்கா வெளியிலா?" முகம் கழுவ ஒரு இடம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் கோயில் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

கொட்டாஞ்சேனைக்காரன்

கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரிடம். செவ்வாய் நவநாளன்றும் ஞாயிறும் திறப்போம். மற்ற நாட்களில் கேட்டால் "பழுது" என்று சொல்லச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பழுது ஒன்றும் இல்லை.

புறக்கோட்டைப் பொடியன்

நான் மஸ்கெலியாப் பக்கம். புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறேன். கடைக்கு மேலேயே தங்கல், ஏழெட்டுப் பேர் ஒரு அறையில்.

பொருளாளர் ஐயா குண்டுக்குப் பிறகுதான் வாசல் மூடினது மாதிரி எழுதியிருக்கிறார். எங்களுக்கு அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது ஐயா. ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறேன். வாசலில் பை பார்க்கிற அண்ணனுக்கு என் சாப்பாட்டுப் பெட்டியின் நிறம் தெரியும். பெயர் தெரியாது. பூசை முடிந்து முன்றிலில் எல்லாரும் நின்று கதைப்பார்கள், நான் மதில் ஓரமாக நடந்து வெளியே வந்துவிடுவேன். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் லீவுக்கு வந்து நின்றது. ஃபாதர் இறங்கி வந்தார், சபைத் தலைவர் வந்தார், பாடகர் குழு அக்கா ஜூஸ் கொண்டுவந்தார். அவர்களும் முன்பின் தெரியாதவர்கள்தானே? அவர்களுடைய பையை யாராவது திறந்து பார்த்தார்களா?

யாக்கோபு நிருபத்தில் இருக்கிறதே, பொன் மோதிரம் போட்டவன் வந்தால் "இங்கே நல்ல இடத்தில் உட்காரும்", கந்தை கட்டினவன் வந்தால் "அங்கே நில்". அதை எழுதினவர் நம்ம கோயிலுக்கு வந்துவிட்டுப் போய் எழுதினமாதிரி இருக்கும்.

பழைய பொருளாளர்

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறு வழக்கு. கோயிலுக்கு வருகிறவரிடம் பெயர் கேட்டுப் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஆட்களை இரவு முழுக்கத் தங்கவைப்பது பற்றித்தான் நான் பேசுகிறேன்.

வேதத்தைக் காட்டியே கேட்கிறீர்கள் என்பதால் இரண்டு விஷயம். நல்ல சமாரியன் அடிபட்டவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோனார், சத்திரக்காரனுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது இரண்டு நாள் கூலி. தங்கவைப்பதைத் தொழிலாகச் செய்கிறவனிடம் ஒப்படைத்துக் காசையும் கட்டினார். நாமும் அப்படிச் செய்யலாமே? மஹரகமப் பக்கம் நோயாளிகளின் ஆட்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. பங்கு ஒரு நிதி வைத்து அறைக்காசைக் கட்டட்டும். ரசீது வரும், கணக்கு நிற்கும், மண்டபத்தில் ஒரு பிரச்சினை என்றால் பொறுப்பு யார் என்ற கேள்வியும் வராது.

இரண்டாவது, ஆதித் திருச்சபை இவ்வளவு அப்பாவியாக இருக்கவில்லை. "டிடாக்கே" என்று ஒரு சின்ன நூல், அப்போஸ்தலர் காலத்தை ஒட்டியது. 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்து உலகத்துக்கே தெரியவந்தது. அதில் சட்டம் மாதிரி எழுதியிருக்கிறது: வழிப்போக்கன் வந்தால் முடிந்ததைச் செய், ஆனால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள், அதற்கு மேல் தங்கக்கூடாது. தங்கியே இருக்க விரும்பினால் வேலை செய்து சாப்பிடட்டும். போதகன் என்று வந்தவன் மூன்றாம் நாளும் நகராமல் இருந்தால், காசு கேட்டால், அவன் கள்ளத் தீர்க்கதரிசி. 1900 வருடத்துக்கு முன்பே ஏமாந்து ஏமாந்து எழுதிய சட்டம் இது.

தெஹிவளை டீச்சர்

நான் மெதடிஸ்ட். கத்தோலிக்கர்களின் மண்டபச் சண்டைக்குள் வருவதற்கு மன்னிக்கவும்.

பொருளாளர் ஐயா, டிடாக்கேயை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த 12ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? ஆண்டவருடைய நாமத்தில் வருகிற எவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு சோதித்து அறிந்துகொள்வீர்கள். ஏற்றுக்கொள்வது முன்னால், சோதிப்பது பின்னால். கொட்டாஞ்சேனைத் தம்பியின் சபை சோதனையை முன்னால் வைத்தது, அதில் யாரும் பாஸ் பண்ண முடியாமல் ஏற்றுக்கொள்ளும் கட்டம் வரவே இல்லை.

சமாரியனுக்கும் அதேதான். காசு கொடுத்தது எப்போது? "மறுநாளிலே" என்று லூக்கா எழுதுகிறார். அப்படியென்றால் முதல் இரவு அவரும் சத்திரத்தில் அந்த மனிதனோடு இருந்தார். அதற்கு முன்பு தன் கையால் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினார். திரும்பி வரும்போது மிச்சச் செலவைத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நிதி வைத்து ரசீது வாங்குகிற வேலையில் இதெல்லாம் எங்கே வரும்? உங்கள் நிதி யோசனை கெட்டதில்லை. ஆனால் அறை தேவை என்று அந்த ஆளைக் கண்டுபிடிப்பது யார்?

எனக்கு அப்போஸ்தலர் 6 தான் முக்கியமாகப் படுகிறது. எருசலேம் சபையில் தினசரி உணவுப் பங்கீடு நடந்தது. ஆனால் கிரேக்கம் பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போனார்கள். யாரும் வேண்டுமென்று விட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. பங்கீடு செய்தவர்கள் எபிரெயப் பக்கம், விடுபட்டவர்கள் வேறு பாஷைக்காரர். கண்ணில் படவில்லை. முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள், ஏழும் கிரேக்கப் பெயர். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

சிங்களத்தில் கழிப்பறை கேட்கத் தெரியாமல் தாகத்தோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவையும், மதில் ஓரமாக நடந்துபோகிற இந்தத் தம்பியையும் நினைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை வாசியுங்கள். தம்பி, உங்கள் பங்குச் சபையில் மலைநாட்டு ஆட்கள் எத்தனை பேர்?

புறக்கோட்டைப் பொடியன்

சபையிலா டீச்சர்? கதிரை அடுக்குகிறவர்களில் வேண்டுமானால் எண்ணிச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைச் சைவன்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியாள் என்பதால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. வெசாக்குக்குத் தெருத்தெருவாகத் தன்சல் போடுகிறார்கள், வரிசையில் நின்றால் சோறு, ஐஸ்கிரீம், கோப்பி எல்லாம் கிடைக்கும். நீ பௌத்தனா என்று ஒருவரும் கேட்பதில்லை, சாப்பிட்டவர் கையைக் கழுவிக்கொண்டு போகலாம். ஆனால் கிறிஸ்தவர்களில் சில குழுக்கள் ஆஸ்பத்திரி வாசலில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு துண்டுப்பிரசுரம். தலையில் கைவைத்து ஒரு ஜெபம். போன் நம்பர் வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை ஒரு அழைப்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவனிடம் அப்படிச் செய்வது விருந்தோம்பலா, தூண்டிலா? உங்கள் மண்டபத்தில் அது நடக்காது என்று யார் உறுதி தருவது?

ஜீவதண்ணீர்

அண்ணன் கேட்ட கேள்விக்கு ஒளித்து மறைக்காமல் பதில் சொல்கிறேன். ஆம், நாங்கள் ஜெபிக்கிறோம். பிரசுரமும் கொடுக்கிறோம். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மையை மறைத்துக்கொண்டு வெறும் சோற்றை மட்டும் கொடுத்தால் அது அன்பா? கேள்விப்படாமல் எப்படி விசுவாசிப்பார்கள் என்று பவுல் கேட்கிறார். சோறு நாளைக்குச் செரித்துப் போய்விடும்.

இரவுப்பணி

ஜீவதண்ணீர் அண்ணா, வாட்டுக்குள் நான் நிற்கிறேன், நீங்கள் நிற்கவில்லை. மகனுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டால் எந்தத் தாயும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். சொன்னால் பார்சல் வராதோ, கடவுளுக்குக் கோபம் வருமோ என்று இருக்கும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எண்ணாதீர்கள்.

தெஹிவளை டீச்சர்

பத்துக் குஷ்டரோகிகளை இயேசு சுகமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்தான். ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்ததாக எழுதியிருக்கவில்லை. யாராவது தானாக வந்து "நீங்கள் ஏன் இதைச் செய்கிறீர்கள்" என்று கேட்டால் அப்போது வாய் திறந்து சொல்லுங்கள், நானும் சொல்வேன். மண்டபத்துக்குள் பிரசுரம் கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். இதில் சைவ ஐயாவோடு நான் ஒரே கட்சி.

பழைய பொருளாளர்

நானும்தான். ஆனால் யாரும் இன்னும் என் முதல் கேள்விக்கு, அதாவது பாதுகாப்புக்கு, பதில் சொல்லவில்லை. வசனம் மட்டும் வருகிறது.

கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயா, 2019க்குப் பிறகுதானே 2022 வந்தது? சாப்பாட்டுச் சாமான் விலை வருடத்துக்குள் 90 சதவீதத்துக்கு மேல் ஏறிய காலம். கொழும்பில் தேவாலய மண்டபங்களில் மதியச் சோறு சமைத்துப் போட்டார்கள். யார் யாரோ வந்தார்கள். பையோடும் வந்தார்கள், மீதியைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டு போக. அப்போது யாருக்கும் குண்டு நினைவு வரவில்லையே? பசி எங்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்த நேரம் என்பதால் கதவு திறந்தது என்று நினைக்கிறேன்.

பழைய பொருளாளர்

பகல் பன்னிரண்டு மணிக்கு நூறு பேர் கண் முன்னால் சோறு போடுவதும், இரவு இரண்டு மணிக்கு ஒரு காவலாளியோடு மண்டபத்தைத் திறந்து வைப்பதும் ஒன்றா தம்பி? பெண்களும் பிள்ளைகளும் தங்கப்போகிற இடம். வருகிறவர்களுக்கே வருகிறவர்களால் ஆபத்து வரலாம். அதை ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை?

இரவுப்பணி

இது நல்ல கேள்வி. இதுவரை வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. பெண்களுக்குத் தனி இடம், தனிக் கழிப்பறை, பூட்டுப் போடக்கூடிய கதவு இல்லாமல் இரவில் திறக்க நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 2019 குண்டுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளை வீட்டுக்காரர்களும் கும்பல்களும் துரத்தினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், சொந்த நாட்டில் மதத்துக்காக அடிபட்டு ஓடி வந்தவர்கள். கைக்குழந்தைகளோடு பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் கிடந்தார்கள். குண்டு வைத்தவனுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெளியாள் என்ற ஒன்றுதான் காரணம். ஐயா, உங்கள் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பயம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய பொருளாளர்

அதை மறுக்கவில்லை. நீர்கொழும்பில் நடந்தது வெட்கக்கேடு.

சரி, என் நிபந்தனைகளைச் சொல்கிறேன். பதிவுப் புத்தகம் இருக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம், கிளினிக் கொப்பி, தொடர்பு நம்பர். இரண்டு இரவுக்கு மேல் இல்லை, டிடாக்கே கணக்குத்தான். பெண்களுக்குத் தனி. இவ்வளவும் இருந்தால் பேசலாம். ஆனால் இவ்வளவையும் செய்ய ஆள் கிடைக்காது என்றும் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் இருபது பேர் வருவார்கள், மழை பெய்யத் தொடங்கினால் பங்குத்தந்தையும் காவலாளியும்தான் மிஞ்சுவார்கள்.

புறக்கோட்டைப் பொடியன்

அடையாள அட்டை இலக்கம் என்று சொன்னீர்கள். என் ஆத்தாவிடம் கனகாலம் அட்டையே இல்லை. 1948 சட்டத்தில் குடியுரிமை போன சனம் நாங்கள், 2003 வரைக்கும் அந்த இழுபறி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தோட்டப் பதிவில் ஒரு எழுத்து. இன்றைக்கும் தோட்டத்திலிருந்து அட்டை இல்லாமல் அவசரத்துக்கு ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லாதவரை என்ன செய்வீர்கள், ராத்திரி பத்து மணிக்குத் திருப்பி அனுப்புவீர்களா?

பழைய பொருளாளர்

கிளினிக் கொப்பி இருந்தால் போதும் என்று வைக்கலாம். அட்டை இருந்தால் மட்டும் எழுதலாம்.

வெள்ளவத்தைச் சைவன்

கொப்பியும் இல்லாமல் அம்புலன்ஸில் ஏறி வந்தவன்? பொருளாளர், நீங்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தன்சலே போட்டுவிடுவீர்கள்.

பழைய பொருளாளர்

சிரியுங்கள். இரவில் மண்டபம் திறப்பதற்கு எதிராகத்தான் இன்னும் இருக்கிறேன்.

தெஹிவளை டீச்சர்

ஒரு இடைச்செருகல். கத்தோலிக்கர்கள் சொல்ல வேண்டியதை மெதடிஸ்ட் நான் சொல்கிறேன். புனித பெனடிக்ட் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் விருந்தினர் பற்றி ஒரு அதிகாரம் இருக்கிறது, 53ஆவது. வருகிறவர்களைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற வரியை எல்லாரும் சொல்வார்கள். அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஏழைகளையும் யாத்திரிகரையும் வரவேற்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்கிறார். கனடாக் குடும்பத்துக்கு ஜூஸ் வந்த கதைதான். மற்றது, விருந்தினருக்குத் தனிச் சமையலறை வைக்கச் சொல்கிறார், கண்ட நேரத்தில் வருகிறவர்களால் மடத்தில் மற்றவர்களின் ஒழுங்கு குலையாமல் இருக்க. பொருளாளர் ஐயா மாதிரி ஒருவர் அந்த மடத்திலும் இருந்திருப்பார் போல.

இரவுப்பணி

பதிவுப் புத்தகத்துக்கு அடுத்த மாதம் வரை சண்டை பிடியுங்கள். எனக்கு இப்போதைக்கு அந்தக் கழிப்பறைச் சாவிதான் வேண்டும். அதற்குக் காவலாளி வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், பகல் வெளிச்சத்தில் நடக்கிற விஷயம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பிளக் பலகை, வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு போர்டு. முடிந்தால் காலை ஆறிலிருந்து எட்டு வரை துண்டு வாசித்துச் சொல்ல ஒருவர். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் கிளினிக்குக்குப் போக முந்திய நேரம் அது. மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆட்கள் உங்கள் பங்கில் இல்லையா?

பழைய பொருளாளர்

கழிப்பறைக்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் நடைமுறை தெரியாமல் பேசக்கூடாது. தண்ணீர் பில் கூடும், அதைச் சமாளிக்கலாம். யார் கழுவுவது? கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரின் தலையில் கட்டினால் அவர் மூன்றாம் நாளே மறுபடி "பழுது" என்று எழுதித் தொங்கவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் சம்பளத்தில் அது இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்

மண்டபத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, கழிப்பறைக்கும் குழாய்க்கும் மட்டும் தனிக் கடிதம் எழுதுகிறேன். கழுவுவதற்கு இளைஞர் மன்றம் முறை வைக்கும்.

பழைய பொருளாளர்

"இளைஞர் மன்றம்" என்று எழுதாதீர்கள். எந்தக் கிழமை யார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். மன்றத்தின் பெயரில் வரும் கடிதத்தை நானாக இருந்தாலும் ஃபைலில் போட்டு மூடிவிடுவேன். சவர்க்காரம், ஹார்பிக், வாளி, தும்புத்தடி எல்லாவற்றுக்கும் மாதச் செலவு எவ்வளவு என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இருந்தால்தான் கடிதத்தைச் சபை வாசிக்கும்.

புறக்கோட்டைப் பொடியன்

கடை திறக்கிறது ஒன்பதுக்கு. ஏழு மணிக்கு முன்னால் என்றால் வியாழனும் வெள்ளியும் என்னைப் போடுங்க அண்ணா. ஆனால் கழுவுகிறதோடு நிறுத்தாதீங்க, அந்த வாசலில் நின்று துண்டு வாசித்துச் சொல்கிற வேலையும் வேணும். கடையில் நின்று நின்று சிங்களம் நல்லா வரும் எனக்கு.

இரவுப்பணி

ஹார்பிக்கோடு பெண்களுக்கு ஒரு மூடி போட்ட குப்பைக்கூடையையும் கணக்கில் சேருங்கள். அதை ஆண்கள் எழுதுகிற பட்டியலில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

பழைய பொருளாளர்

சேருங்கள். ஆனால் பூட்டும் நேரத்தையும் போடுங்கள், மாலை ஆறு. அதற்குப் பிறகு திறந்திருந்தால் நான் முதலில் முறைப்பாடு கொடுப்பேன்.